நகராத சாலையில் சூப்பர்சார்ஜர் எஞ்சின்: வாசகர் கேள்வி பதில்

அக்னி நட்சத்திரம் நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களின் சூட்டைப் பற்றியவை. எஞ்சின் சுழற்சியாலேயே ஓடி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்தான் சூப்பர்சார்ஜர். பதில்களுக்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். இவ்வகை எஞ்சினில் இரண்டு தனித்தனிச் சூடுகள் உண்டு: எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் (கூலன்ட்) சூடு ஒன்று, எஞ்சின் உறிஞ்சும் காற்றின் சூடு இன்னொன்று. எது ஏறுகிறது என்று அளந்து பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றியவர்களும் பம்ப்பை மாற்றியவர்களும் இந்தக் கடிதங்களில் நிறைய இருக்கிறார்கள். பாகம் வாங்கும் முன் அளந்துவிடுங்கள்.

மே மாதத்தில் சென்னை ஓஎம்ஆர் சாலையில் அரை மணி நேரம் ஊர்ந்தபின், மேம்பாலம் ஏற ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என் ஆடி 3.0 டிஎஃப்எஸ்ஐ பாதி பலம்தான் தருகிறது. சூடு காட்டும் முள் 90-லேயே நிற்கிறது. கொஞ்ச தூரம் காற்றோட்டமாக ஓடியதும் சரியாகிவிடுகிறது. சூப்பர்சார்ஜர் போய்விட்டதா?
*— வாசகர், பெருங்குடி*

சூப்பர்சார்ஜர் போகவில்லை. அது சூடாகி நிற்கிறது.

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். உங்கள் எஞ்சின் உச்சத்தில் 0.8 பார் வரை அழுத்தம் கொடுக்கிறது. வெளிக்காற்று 40 டிகிரி, சூப்பர்சார்ஜரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அழுத்தப்பட்டு வெளியே வரும் காற்று 120 டிகிரியைத் தாண்டுகிறது. உள்ளே போகும் காற்றே பானெட்டுக்கு அடியில் வெந்து 60 டிகிரியாக இருந்தால் வெளியே வருவது 147. இதைத் தணிக்கத்தான் சூப்பர்சார்ஜர் கூட்டுக்குள்ளேயே இரண்டு இன்டர்கூலர்கள், அதாவது காற்றைக் குளிர்விக்கும் பாகங்கள், இருக்கின்றன. அவை தண்ணீரால் குளிர்பவை. அந்தத் தண்ணீரைச் சுற்றவிட ஒரு தனி மின் பம்ப்பும், வண்டியின் முகப்பில் ஒரு தனிச் சிறு ரேடியேட்டரும் உண்டு.

ஊர்ந்து போகும்போது சூப்பர்சார்ஜர் ஏறக்குறைய எதையும் அழுத்துவதில்லை. பைபாஸ் வால்வு திறந்திருப்பதால் காற்று சுற்றிவந்து போய்விடும். ஆனாலும் அது உட்கார்ந்திருக்கும் இடம் இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம். கீழிருந்து சூடு ஏறிக்கொண்டே இருக்கும். முகப்பில் காற்று அடிக்காததால் சிறு ரேடியேட்டரும் அதைக் கழிக்க முடியாது. போதாததற்கு ஏசி கண்டென்சரின் சூடும் அங்கேதான் கொட்டுகிறது. அரை மணி நேரத்தில் அந்த அலுமினியக் கட்டி முழுவதும் வெந்துவிடும். அப்போது மிதித்தால், உள்ளே போகும் காற்றின் சூட்டைப் பார்த்து, நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) வராமலிருக்க, எஞ்சினின் கணினியான இசியு ஸ்பார்க் டைமிங்கைப் (தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளுகிறது. நீங்கள் உணரும் பலக்குறைவு அதுதான். எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

முள்ளை நம்ப வேண்டாம். ஆடி அடங்கிய ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்களில் தண்ணீர் ஏறக்குறைய 75-லிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் 90-லேயே அசையாமல் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். காரின் ஓபிடி (கோளாறு கண்டறியும்) துளையில் செருகும் சிறு ப்ளூடூத் கருவி ஒன்று வாங்கிக் கைப்பேசியில் உண்மையான எண்களைப் பாருங்கள். கூலன்ட் சூடு, இன்டேக் காற்றின் சூடு இரண்டும் வேண்டும். இதில் ஒரு சிக்கல்: சில கார்களில் பொதுவான செயலி காட்டும் இன்டேக் சூடு, ஏர் ஃபில்டருக்கு அருகிலுள்ள சென்சாருடையது. உங்களுக்கு வேண்டியது இன்டர்கூலருக்குப் பிறகு உள்ள சென்சார். ஆழ்ந்து மிதித்த சில நொடிகளில் எண் ஏறினால் அது சரியான சென்சார். அசையவே இல்லையென்றால் அது ஃபில்டர் பக்கத்துச் சென்சார்.

40 டிகிரி வெயிலில் நெரிசலில் அந்த எண் 65, 70 என்று நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். சாலை விட்டதும் மூன்று, நான்கு நிமிடத்தில் 55-ஐ நோக்கி இறங்குகிறதா என்பதுதான் சோதனை. இறங்கினால் உங்கள் வண்டியில் கோளாறு இல்லை. நன்றாக ஓடியும் இறங்கவில்லையென்றால் அந்த மின் பம்ப்பைச் சந்தேகியுங்கள். எஞ்சின் சூடாக ஓடும்போது சிறு ரேடியேட்டருக்குப் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் ஐஆர் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். போவது சூடாகவும் திரும்புவது சில டிகிரி குறைவாகவும் இருந்தால் தண்ணீர் ஓடுகிறது. உள்ளே காற்று 75 டிகிரியில் இருக்க, இந்த இரு குழாய்களும் வெளிக்காற்றின் சூட்டில் கிடந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். ஸ்கேனர் வழியாகப் பம்ப்பை இயக்கச் சொல்லி, கையால் தொட்டு அதிர்வு பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் முதலில் ஃப்யூஸ், பிறகு கனெக்டர், கடைசியாகப் பம்ப். அதிர்வு இருந்தும் தண்ணீர் ஓடவில்லையென்றால் ஏர் லாக், அதாவது குழாயில் காற்று சிக்கியிருக்கிறது. கூலன்ட் சம்பந்தமான வேலை சமீபத்தில் நடந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். வாக்குவம் கருவியால் காற்றை உறிஞ்சிவிட்டுக் கூலன்ட் நிரப்பினால்தான் இந்த எஞ்சினில் காற்று முழுவதும் வெளியேறும். மேலே திறந்து ஊற்றினால் போகாது.

2005 மினி கூப்பர் எஸ் வைத்திருக்கிறேன். காலை ஜாமில் நிற்கும்போது மட்டும் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ரேடியேட்டரை மாற்றியும் அப்படியே இருக்கிறது.
*— வாசகர், கோலாலம்பூர்*

நின்றால் ஏறி, ஓடினால் இறங்குவது ஃபேன் கோளாறின் கையெழுத்து. ரேடியேட்டர் அடைப்பு இதற்கு நேர்மாறு: வேகமாகப் போகும்போதும் மேடேறும்போதும்தான் அது காட்டிக்கொடுக்கும். புது ரேடியேட்டருக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம்.

அந்தத் தலைமுறை மினியில் ஃபேனுக்கு இரண்டு வேகம். மெதுவான வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. அந்த ரெசிஸ்டர் எரிந்துபோவது இந்த மாடலின் மிகப் பழைய, மிகப் பொதுவான நோய். எரிந்ததும் மெதுவான வேகம் இல்லாமல் போய், தண்ணீர் நன்றாகச் சூடேறி வேக நிலைக்கான கட்டத்தை எட்டும்வரை ஃபேன் சுழலாது. எட்டியதும் பேரிரைச்சலோடு சுழன்று, குளிர்ந்ததும் நின்று, மறுபடி ஏறும். சோதிப்பது சுலபம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஃபேன் மெதுவாகச் சுழல வேண்டும். சுழலவில்லை, ஆனால் நன்றாகச் சூடானபின் வேகமாகச் சுழல்கிறது என்றால் ரெசிஸ்டர்தான். ஃபேன் தொகுப்பையே மாற்றலாம். அல்லது ஒரிஜினலின் அதே ஓம் மதிப்பில், அலுமினியக் கூடு கொண்ட அதிக வாட் ரெசிஸ்டரைக் காற்றோட்டமான இடத்தில் பொருத்தலாம். எப்படியானாலும் ரிலே, பெரிய ஃப்யூஸ், கனெக்டர் மூன்றையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அதையும் மாற்றாமல் மூடாதீர்கள்.

இந்த எஞ்சினில் இன்னொரு விசேஷம் உண்டு. பல உரிமையாளர்களுக்கே தெரியாது: வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, சூப்பர்சார்ஜர். பெல்ட் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரைச் சுழற்றுகிறது. அதன் மறுமுனையிலுள்ள சிறு பல்சக்கரங்கள் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுகின்றன. அந்தப் பல்சக்கரங்களுக்கென்று தனியாகக் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சொல்லப்பட்டது. ஆனால் லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பல வண்டிகளில் திறந்து பார்த்தால் அது வற்றிக் கருத்த பசையாகிக் கிடக்கிறது. பற்கள் தேய்ந்து கழன்றால் சூப்பர்சார்ஜர் வழக்கம்போல் ஊளையிட்டுக்கொண்டே ஓடும், வாட்டர் பம்ப் மட்டும் நின்றுவிடும். அப்போது ஓடினாலும் சூடு இறங்காது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வரும். உங்கள் வண்டியில் இன்னும் அந்த நிலை இல்லை. ஆனால் 2005 மாடல் என்பதால், சூப்பர்சார்ஜரை இறக்கி இருமுனை எண்ணெயையும் மாற்றாமல் இருந்தால் இந்த வருடமே செய்துவிடுங்கள். சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் எண்ணெய் மட்டும்தான் ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் கூடாது. இறக்கும்போதே வாட்டர் பம்ப், அதன் ஓ-ரிங், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு) கூடு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். கூலி ஒரே கூலி. கூலன்ட் டப்பாவின் ஒட்டுக்கோட்டில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் இந்த மாடலின் பழக்கம்தான்.

எஞ்சின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலருக்கு ஒரு வார்த்தை. பானெட் மூக்குத்துளை வழியாக வரும் காற்று முழுவதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதற்காகச் சுற்றிலும் ஒரு ஃபோம் பட்டை உண்டு. இருபது வருட ஈரத்தில் அது உதிர்ந்திருக்கும். புதிதாக ஒட்டுவதற்கு அரை மணி நேரம் போதும்.

என் சி200 கம்ப்ரசர் பென்ஸ் சூடாகிறது என்று போன இடத்தில், தெர்மோஸ்டாட்டின் உள் வால்வை வெட்டி எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் மாட்டிவிட்டார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வே தேவையில்லை" என்றார்கள். இப்போது எஞ்சின் விளக்கு எரிகிறது, நெரிசலில் சூடும் ஏறுகிறது.
*— வாசகர், மதுரை*

உடனே புதிது மாட்டுங்கள். இந்தப் பழக்கம் எத்தனை நல்ல எஞ்சின்களைக் கெடுத்திருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தெர்மோஸ்டாட் தண்ணீரைத் தடுப்பதற்கு மட்டும் இருப்பதல்ல. பல எஞ்சின்களில் அதற்கு இரண்டு வாய்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் பக்கத்து வாய் மூடி, பைபாஸ் வாய் திறந்திருக்கும். சூடானதும் முன்னது திறந்து பின்னது மூடும். வால்வை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்கு அது சுலபமான வழி என்பதால் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். பம்ப் மெதுவாகச் சுழலும் நெரிசலில் இது நன்றாகத் தெரியும். நெடுஞ்சாலையிலோ எதிர்மாறாக எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராது. அதனால்தான் பி0128 என்ற கோளாறுக் குறியீடு பதிவாகி விளக்கு எரிகிறது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி இசியு கூடுதல் பெட்ரோல் தருகிறது. மைலேஜ் குறைகிறது, எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது.

குறைந்த டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டால் தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தீராது. தெர்மோஸ்டாட் முழுவதும் திறந்தபின் சூட்டைத் தீர்மானிப்பவை ரேடியேட்டரும் ஃபேனும்தான். வால்வு முன்கூட்டியே திறந்தால் ஏறுவதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும், போய்ச் சேரும் இடம் ஒன்றே. முதலில் எதற்காகச் சூடானதோ அந்தக் காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். ஃபேன், டப்பாவின் மூடி, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேர்ந்த குப்பை என்ற வரிசையில் தேடுங்கள்.

எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிறது. அதையே ரேடியேட்டருக்கு ஊற்றலாமா? கூலன்ட் எத்தனை சதவீதம் போட வேண்டும்? பனி பெய்யாத ஊரில் கூலன்ட் எதற்கு?
*— வாசகர், கோயம்புத்தூர்*

சிறுவாணித் தண்ணீரைக் குடியுங்கள். எஞ்சினுக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். எவ்வளவு நல்ல தண்ணீரிலும் கரைந்த உப்பு இருக்கும். போர் தண்ணீராக இருந்தால் கேட்கவே வேண்டாம். கெட்டிலுக்குள் படியும் அதே வெள்ளைப் படிவம், மிகக் குறுகிய ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படியும்.

கூலன்ட்டின் உறைநிலை நமக்குத் தேவையில்லைதான். தேவைப்படுவது அதிலுள்ள துருத் தடுப்பு. ஹெட், ரேடியேட்டர், இன்டர்கூலர் எல்லாம் பெரும்பாலும் அலுமினியம்; வெறும் தண்ணீரில் அலுமினியம் அரிக்கும், வாட்டர் பம்ப்பின் சீல் தேயும். கொதிநிலையும் உயர்கிறது: பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். ஆனால் சூட்டை எடுத்துச் செல்லும் சக்தியில் வெறும் தண்ணீரை விட அது குறைவு. ஆகவே 70, 80 சதவீதம் போட்டால் இன்னும் நல்லது என்ற எண்ணம் தவறு. பெரும்பாலான ஐரோப்பியக் கார்களுக்கு 40 முதல் 50 சதவீதம் சரி. இன்டர்கூலருக்கு முற்றிலும் தனிச் சுற்றும் தனி டப்பாவும் உள்ள கார்களில், நம் ஊருக்கு, அந்தச் சுற்றில் மட்டும் 25 முதல் 30 சதவீதம் வரை குறைக்கலாம். டப்பா பொதுவென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கலவையில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கலந்தே விற்கும் கூலன்ட்டில் மறுபடி பாதித் தண்ணீர் சேர்ப்பது. மிஞ்சுவது 25 சதவீதம்தான். கேனில் 'கான்சென்ட்ரேட்' என்று இருக்கிறதா, 'ரெடி டு யூஸ்' என்று இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். இரண்டாவது, வடித்த அளவுக்கே கணக்குப் போடுவது. உதாரணமாக மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர் என்றால், கீழே திறந்துவிட்டால் 6 லிட்டர்தான் வரும். 4 லிட்டர் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும். தண்ணீரால் கழுவிய எஞ்சினில் அந்த 4 லிட்டரும் வெறும் தண்ணீர். எனவே 50 சதவீதம் வேண்டுமானால் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டும் 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்ற வேண்டும். மூன்றுக்கு மூன்று ஊற்றினால் 30 சதவீதத்தில் நிற்பீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு குழாய்க் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு கம்பெனிகளின் சிவப்பு ஒரே பொருளாக இருக்க வேண்டியதில்லை. வகை மாறிக் கலந்தால் துருத் தடுப்பு கெடும், சில சேர்க்கைகள் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும். கையேட்டில் உள்ள தர எண் கேனில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

மூடியையும் சேர்த்து மாற்றுங்கள். 1.4 பார் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் வெறும் தண்ணீரே 125 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்து மூடி காற்று விட்டால் கொதிநிலை 100-ஐ நோக்கி இறங்கிவிடும். சூட்டுப் புகார்களில் மிக மலிவான பாகமும் கடைசியில் சந்தேகிக்கப்படும் பாகமும் அதுவே.

2012 ரேஞ்ச் ரோவர் 5.0 சூப்பர்சார்ஜ்டு. மாதம் அரை லிட்டர் கூலன்ட் குறைகிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. நிரப்பிக்கொண்டே ஓட்டலாமா?
*— வாசகர், ஈரோடு*

ஓட்டாதீர்கள். இந்த எஞ்சினில் அது ஒரு முன்னெச்சரிக்கை.

சூப்பர்சார்ஜருக்கு அடியிலும் எஞ்சினின் முன்புறமும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் ஓடுகின்றன. இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்தவை. பத்து வருடச் சூட்டில் பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்து ஒட்டுக்கோட்டில் மெல்லிய கீறல் விடும். கசிவது எஞ்சினின் நடுப்பள்ளத்தில். அங்கே விழும் கூலன்ட் சூட்டில் உடனே ஆவியாகிவிடுவதால் தரைக்கு வருவதில்லை. வண்டியை நிறுத்தியதும் லேசான இனிப்பு வாடை வருகிறதா, குழாய்களின் ஓரம் காய்ந்த உப்புப் பூச்சு தெரிகிறதா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டப்பாவில் கைப்பம்ப்பை மாட்டி, மூடியில் பொறித்த அழுத்தம் வரை ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் கசிவு உறுதி. இறங்கவில்லையென்றால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) சோதனை: டப்பாவின் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளானால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிகிறது.

பயப்பட வேண்டியதற்குக் காரணம் வேகம். அரை லிட்டர் குறையும் குழாய் ஒரு நாள் நெரிசலில் பிளந்தால் சில நிமிடங்களில் தண்ணீர் காலியாகும். சென்சார் நிற்கும் இடத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் அது காற்றின் சூட்டைத்தான் அளக்கும். முள் சாதாரணமாகவே இருக்க, ஹெட் வளைந்துகொண்டிருக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே கேஸ்கட் பிடிக்காது.

சூப்பர்சார்ஜருக்கு அடியிலுள்ள பின்பக்கக் குழாயை மாற்ற சூப்பர்சார்ஜரை இறக்கியே ஆக வேண்டும். ஆகவே கசியும் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். முன், பின் குழாய்கள் எல்லாம், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், திறந்த இடங்களின் கேஸ்கட்டுகளும் ஓ-ரிங்குகளும், பெல்ட் ஆகியவற்றை ஒரே வேலையாக முடியுங்கள். சந்தையில் அலுமினியத்தில் செய்த மாற்றுக் குழாய்கள் கிடைக்கின்றன. இந்த எஞ்சினையே அடிப்படையாகக் கொண்ட 3.0 வி6 சூப்பர்சார்ஜ்டு ஜாகுவார் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

நெரிசலில் நிற்கும்போது சூடு ஏற ஆரம்பித்தால் அந்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*— வாசகர், வேலூர்*

கூலன்ட் 105 வரை போய்வருவது பல புதிய கார்களில் இயல்பு. 110 தாண்டினால் செயல்படத் தொடங்குங்கள்.

முதலில் ஏசியை அணையுங்கள். கண்டென்சர் கழிக்கும் சூடு நேராக ரேடியேட்டர் முகத்தில் அடிப்பது நிற்கும், கம்ப்ரசர் சுமையும் குறையும். ஒரே விதிவிலக்கு, ஃபேனின் தானியங்கி இயக்கம் கெட்டு, ஏசி போட்டால் மட்டும் ஃபேன் சுழலும் வண்டி. அணைத்ததும் ஃபேன் நின்று சூடு இன்னும் வேகமாக ஏறினால் மறுபடி போட்டு, பணிமனை வரை அப்படியே போங்கள். அடுத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வைத்து எல்லாக் கண்ணாடிகளையும் இறக்குங்கள். வேலூர் வெயிலில் இது கொடுமைதான். ஆனால் அது ஒரு இரண்டாவது சிறு ரேடியேட்டர். கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்து ஒரு நிமிடம் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் பிடியுங்கள். பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் தண்ணீரை வேகமாகத் தள்ளும். முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகைக்குழாயை ஒட்டி நிற்காதீர்கள். இடைவெளி விட்டு, கிடைத்த தூரத்தை ஒரே நகர்வாக நகர்வது நல்லது.

இவ்வளவு செய்தும் 115 தாண்டினாலோ சிவப்பு விளக்கு வந்தாலோ ஓரமாக நிறுத்துங்கள். தண்ணீர் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது என்றால் அரை நிமிடம் ஐட்லில் விட்டு அணைக்கலாம். ஆவி வந்தாலும், முள் உச்சியில் இருக்க ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தாலும் அந்த நொடியே அணைக்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த ஹீட்டர் என்றால் உள்ளே தண்ணீர் இல்லை அல்லது சுற்றவில்லை.

மூடியை ஒரு மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். ஈரத்துணி போட்டுத் திறப்பது, கொஞ்சமாகத் திருகி ஆவி விடுவது எதுவும் வேண்டாம். 110 டிகிரித் தண்ணீர் மூடி தளர்ந்ததும் குபீரென்று கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணியோடு அழுத்தினால் மெதுவாக அமுங்க வேண்டும். அதுவரை காத்திருங்கள். எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஆறியபின் கேன் குடிநீரை மெதுவாக நிரப்பி வீடு சேரலாம், மறுநாள் கலவையைச் சரிசெய்ய வேண்டும்.

சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கி, கோன் ஃபில்டரும் போட விரும்புகிறேன். சூடு அதிகமாகுமா?
*— வாசகர், திருப்பூர்*

ஆகும். கணக்கைப் பாருங்கள். கிராங்க் புல்லி 150 மி.மீ., சூப்பர்சார்ஜர் புல்லி 70 மி.மீ. என்றால் எஞ்சின் 6,500-ல் ஓடும்போது சூப்பர்சார்ஜர் ஏறக்குறைய 13,900 சுற்றுச் சுற்றும். புல்லியை 60 மி.மீ. ஆக்கினால் 16,250. அழுத்தம் கூடுகிறது, ஆனால் இரண்டு ரோட்டர்களால் காற்றைத் தள்ளும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜரின் திறன் அந்த வேகத்தில் சரியத் தொடங்கும். கூடுதல் உழைப்பின் பெரும்பகுதி காற்றைச் சூடாக்கவே போகும். குளிர்ந்த காலையில் கிடைக்கும் பலம், ஏப்ரல் மதியத்தில் இசியு டைமிங்கைக் குறைத்ததும் காணாமல் போகும். பானெட்டுக்குள் திறந்து நிற்கும் கோன் ஃபில்டர் இதை இன்னும் மோசமாக்கும்: நெரிசலில் அது உறிஞ்சுவது 65, 70 டிகிரி எஞ்சின் அறைக் காற்று. கம்பெனி போட்ட பெட்டியும் கிரில்லிலிருந்து வரும் குழாயும் அழகாக இல்லாவிட்டாலும் வெளிக்காற்றைத் தருகின்றன. என் கருத்தில் கோன் ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

புல்லியை மாற்றியே தீருவேன் என்றால் வரிசை இது: முதலில் பெரிய இன்டர்கூலர் அல்லது நல்ல மின் பம்ப்போடு இன்டர்கூலர் தண்ணீருக்கான தனி ரேடியேட்டரில் பெரிய அளவு, அடுத்து ஒரு படி குளிர்ந்த (சூட்டை வேகமாகக் கடத்திவிடும்) ஸ்பார்க் பிளக், பிறகு 95 ஆக்டேன் அல்லது அதற்கு மேல் பெட்ரோல், அதற்கேற்ற ட்யூனிங், கடைசியாகப் புல்லி. பிளக் வாங்கும்போது கவனம் தேவை. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை, பாஷ் பிளக்கில் எண் குறைந்தால் குளிர்ந்த வகை. பதிவுச் சான்றில் உள்ளதை மாற்றும் வேலைகள் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வரும். காப்பீட்டுக் கம்பெனியிடமும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்து ஓர் அங்குலம் தூக்கிவிட்டால் சூடு வெளியேறுமா?
*— வாசகர், திருச்சி*

நிற்கும்போது கொஞ்சம் வெளியேறும். ஓடும்போது கண்ணாடியின் அடிப்பகுதி காற்றழுத்தம் அதிகமுள்ள இடம். அந்தக் காற்று எஞ்சின் அறைக்குள் புகுந்து, ரேடியேட்டர் வழியாக வரும் ஓட்டத்துக்கு எதிராக நிற்கும். எஞ்சின் அறையின் ஆவியும் புகையும் ஏசியின் காற்றுவழிக்குள் போகும். மழை பெய்தால் மின் இணைப்புகளில் தண்ணீர் விழும். தேவையில்லை.

ரேடியேட்டரை வாட்டர் சர்வீஸில் பிரஷர் அடித்துச் சுத்தம் செய்யலாமா?
*— வாசகர், தாம்பரம்*

பிரஷர் வேண்டாம். கண்டென்சரின் தகடுகள் காகிதம் போன்றவை. ஒரு முறை சாய்ந்தால் காற்று போகும் வழி அடைபடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, தோட்டத்து ஹோஸின் சாதாரண வேகத்தில், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடியுங்கள். வந்த வழியே குப்பை வெளியேறும். முன்னிருந்து அடித்தால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய் அடையும். அந்த நடு இடைவெளிதான் முக்கியம். இறகு, பஞ்சு, பூச்சி, பிளாஸ்டிக் உறை எல்லாம் சேர்ந்து அங்கே கம்பளி மாதிரி படிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று, நான்கு வருடம் கைபடாத வண்டியென்றால் முன் பம்ப்பரை இறக்கிச் சுத்தம் செய்வது நல்லது. மாட்டும்போது ஓரங்களில் உள்ள ஃபோம், பிளாஸ்டிக் தடுப்புகள் ஒன்றுகூட விடுபடக் கூடாது. அவை இல்லாவிட்டால் ஃபேன் வெளிக்காற்றுக்குப் பதிலாகத் தான் தள்ளிய வெந்த காற்றையே சுற்றிவந்து உறிஞ்சும்.